இல்லாத கட்டிக்கு எடுத்த அக்னிச்சட்டி

கம்பத்தில் சுருளிப்பட்டிக்குப் பிரிகிற சாலையின் முனையில் என் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஸ்பைரல் பைண்டிங். ஒரு காலத்தில் இது எஸ்.டி.டி. பூத். ஊனமுற்றோருக்கு என்று எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் எனக்கென்றே தச்சரிடம் சொல்லிச் செய்த உயரமான ஸ்டூல் ஒன்று உண்டு. அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நானும் மற்றப் பெண்களைப் போலத்தான் தெரிவேன். புதிதாக வருகிறவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள். பேப்பர்க் கட்டு எடுக்க நான் கீழே இறங்கும்போதுதான் அவர்கள் முகம் மாறும். சிலர் சட்டென்று ரோட்டைப் பார்ப்பார்கள். அதுவரை "வாங்க, போங்க" என்றவர்கள் "மெதுவா எடு பாப்பா" என்பார்கள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாப்பாவாம், பாப்பா.

முனைக்கடை என்பதால் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. இந்தப் பகுதியில் பெண் எடுக்க வருகிறவர்கள் நேரே பெண் வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள். முதலில் தெருமுனையில் விசாரிப்பார்கள். ஆதார் அட்டையை நீட்டி ஒரு ஜெராக்ஸ் கேட்பார்கள். மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பேச்சை மெல்ல அந்தப் பக்கம் திருப்புவார்கள். பெண் எப்படி, அப்பன் குடிப்பானா, நிலம் நீச்சு எதுவும் உண்டா என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அந்த வீட்டுல யாருக்கும் கொற எதுவும் இல்லைல? கூட்டம் சுத்தமான கூட்டந்தான?" இதை என் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அது எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் ஸ்டூலில் இருப்பதால் மறந்துபோகிறார்களா, அல்லது என்னைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லையா, தெரியாது. "சுத்தந்தான், வாரம் ரெண்டு வாட்டி வீட்டக் கழுவி விடுவாக" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

கடைக்குப் பின்னால்தான் என் வீடு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி திருப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்குப் போன் பண்ணுவான். கடையை அடைத்தால் பேச ஆளில்லை. டி.வி.யைப் போட்டுவிட்டு அதோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவேன். இதைப் பெரிய சோகமாகச் சொல்லவில்லை. நடப்பது இதுதான்.

பேச்சுத் துணை என்று எனக்கு இருந்தது பக்கத்து வீட்டுச் சின்னவள் ஒருத்திதான். பதினாலு வயது. என்னைவிட ஒரு முழத்துக்கு மேல் வளர்த்தி, நல்ல கைவலு. ஆனால் மனசும் பேச்சும் நாலைந்து வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அம்மா என்னை மதினி என்று கூப்பிடுவதால் நான் அவளுக்கு அத்தை. அத்தைகளிலேயே அளவில் சின்னவள் என்று கண்டுபிடித்துக் 'குட்டியத்தே' என்று அவளாகவே பேர் வைத்துக்கொண்டாள். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அவள் சொன்னால் இனிக்கும். காலையில் ஷட்டரைத் தூக்குவது அவள்தான். ஜெராக்ஸ் மிஷினில் உள்ளங்கையை வைத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கி, வெளியே வரும் தாளை எனக்குக் காட்டுவாள். "குட்டியத்தே, எங்கையி" என்பாள். "ஆமாடி, ஒங்கையிதான், இங்க் என்ன ஒங்கப்பன் வீட்டுதா?" என்று வைவேன். மறுநாளும் செய்வாள். நானும் வைவேன்.

பஸ்ஸில் எங்கேயாவது போவதென்றால் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவேன். பஸ் படி எனக்கு நெஞ்சு உயரம். அவள் பின்னால் நின்று அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கில் மேலே நிறுத்திவிடுவாள். என்னைத் தூக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகச் செய்தது.

போன தை மாதம் அவள் பெரிய மனுஷியானாள். சடங்கு வைக்கவில்லை. அக்காக்காரிக்கு மட்டும் மாமன் சீரெல்லாம் வந்து, குழாய் ரேடியோ கட்டி, ஊரைக் கூட்டிச் செய்தார்கள். சின்னவளுக்கு ஒன்றுமில்லை. அவளே ஓடிவந்து சொன்னதால்தான் எனக்குத் தெரியும். பயந்துபோயிருந்தாள். நான் கடையைப் பாதி இறக்கிவிட்டுப் பக்கத்து மெடிக்கலில் பேடு வாங்கி, எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்தேன். அதற்கப்புறம் மாதா மாதம் அவள் அம்மா மெடிக்கலுக்குப் போய்ப் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு என் கடையைக் கடந்து போவாள்.

சித்திரை பிறப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த அம்மா கடைக்கு வந்தாள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மதினி, பெரியவளுக்குத் தேவதானப்பட்டில இருந்து கேட்டு வந்துருக்காக. மாப்பிள்ள பேங்குல இருக்காரு."

"நல்லதுதான. முடிச்சுரு."

"முடிக்கலாம். சின்னவளத்தான் யோசிக்கிறாக. நாளைக்கு இவளுக்கு எதுவும் ஆகி, அதுக்கு ஒண்ணு பொறந்து, அதுவும் இவள மாதிரியே இருந்துச்சுன்னா, அம்புட்டும் பெரியவ தலையிலதான விழும்னு கேக்குறாக. அதான், கெர்ப்பப்பைய எடுத்துருவமான்னு அவரு சொல்றாரு. தேனில ஒரு டாக்டரம்மா பாத்துச் செய்றேன்னுருக்காக. ஒங்களுக்குப் பண்ணுனாகள்ல, அதே ஆபரேசந்தான்."

நான் ஸ்டேப்ளருக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தேன். அதை மூடி வைத்தேன்.

"எனக்குப் பண்ணுனது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இதென்ன மதினி, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான? ஒங்கம்மாதான் எங்கம்மாட்டச் சொன்னாகளாம். இன்னும் ரெண்டு மூணு வீட்டுலயும் சொல்லிருக்காக. அதுக்கப்பறம் நீங்க ஒரு தொந்தரவும் இல்லாம நல்லாத்தான இருக்கீக? சொந்தமாக் கடை வச்சு, யாரு கையையும் எதிர்பாக்காம. ஒங்களப் பாத்துத்தான் எனக்கே தைரியம் வந்துச்சு."

என் வயிற்றுக்குள் நடந்தது எனக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஒரு சின்னக் கர்வம்கூட இருந்தது. தெருவுக்கே தெரியுமாம். தெரிந்தது மட்டுமில்லை, நல்ல உதாரணமாகவும் வைத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்ததை நிம்மதி என்று எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

எனக்கு நடந்தது இது. அப்பா லோயர் கேம்ப்பில் கரண்டு எடுக்கிற பவர் ஹவுசில் வேலை பார்த்தார். அங்கனதான் குவார்ட்டர்ஸ். எனக்குப் பதினாறு வயதில் மாத விலக்கின்போது வயிற்று வலி வரும். எந்தப் பெண்ணுக்குத்தான் வராது? ஒருநாள் அப்பாவும் அம்மாவும் என்னை ஜீப்பில் ஏற்றி மலை மேலே, கேரளாவுக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வயிற்றில் கட்டி இருக்கிறது, எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். நர்சம்மா 'மோளே, மோளே' என்று தலையைத் தடவிக்கொடுத்தாள். எழுந்தபோது வயிறு முழுக்கக் கட்டு. கட்டியை எடுத்தாச்சு, இனிமேல் அந்த மாதத் தொந்தரவும் வராது என்று அம்மா சொன்னாள். நான் பிழைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

பிழைக்க வைத்த தெய்வத்துக்கு நன்றி செலுத்த வேண்டாமா? அடுத்த சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி அம்மனுக்கு அக்னிச்சட்டி எடுத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே நேர்ந்துகொண்டது. காப்புக் கட்டி விரதம் இருந்து, ஆற்றில் முங்கி எழுந்து, மஞ்சள் சேலையைப் பாதியாய் மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். வேப்பிலைக் கொத்துக்கு மேலே சட்டி. என் உயரத்துக்கு அனல் நேரே முகத்தில் அடித்தது. சுற்றிலும் வந்தவர்களின் சட்டிகள் என் தலைக்கு மேலே எரிந்துகொண்டு போயின, பொறி பறந்து என் முடி பொசுங்கியது. அப்பா முன்னால் கையை விரித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டே போனார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புகை என்று நினைத்தேன். அம்மா என் பின்னாலேயே வந்தாள். தாயே, என் உயிரைத் திருப்பிக் கொடுத்தாயே என்று நான் கத்திக் கும்பிட்டபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உண்மை தெரியும்போது எனக்கு முப்பது வயதிருக்கும். முதுகு வலிக்காகத் தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்தவர், "கர்ப்பப்பையை ஏன் எடுத்தாங்க?" என்று கேட்டார். கட்டி என்றேன். எந்த வயதில் என்றார். சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெளியே பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"கட்டியெல்லாம் இல்ல ஆத்தா. ஒன்னைய மாதிரியே இன்னொண்ணு வந்துறக் கூடாதுல்ல. நீ பட்ட பாட்ட அதுவும் பட்டா ஒன்னால தாங்க முடியுமா? அதான் அப்பாவும் நானும் பேசி முடிவு பண்ணுனோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பாசமாகச் சொன்னாள். என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். என்னை மாதிரி இன்னொன்று வரக்கூடாது என்றால் நானே வந்திருக்கக் கூடாது என்றுதானே அர்த்தம்? சின்னமனூர் வரைக்கும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்காது, பிள்ளையும் பிறந்திருக்காது, அதெல்லாம் எனக்கும் தெரியும். அது நடக்காமல் போவது வேறு, நடக்கவே கூடாது என்று அறுத்து எடுப்பது வேறு. வலித்தது அதுதான். இன்னும் வலிக்கிறது.

எனக்குச் செய்ததற்கு ஒரு பேர் உண்டு என்பதுகூடக் கடைக்கு வந்த ஒரு கட்டுத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு எழுத்துக் கண்ணில் படாது என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு நினைப்பு. நான் எல்லாவற்றையும் படிப்பேன், வேறென்ன வேலை? வரலாறு படிக்கிற பெண் ஒருத்தி ஆய்வேட்டைப் பைண்டிங் போடக் கொடுத்தாள். யூஜெனிக்ஸ் பற்றியது. நல்ல மாட்டையும் நல்ல நாயையும் பொறுக்கி இனம் சேர்க்கிற மாதிரி மனிதர்களையும் சேர்க்க வேண்டும், மட்டமானவர்கள் பெருகக் கூடாது என்று இங்கிலாந்தில் கோட்டுப் போட்ட படிப்பாளிகள் பேச ஆரம்பித்தார்களாம். அமெரிக்காவில் அதைச் சட்டமாகவே போட்டார்களாம். விவசாயப் பொருட்காட்சியில், மாட்டுக்குப் பரிசு கொடுக்கிற இடத்திலேயே, நல்ல குழந்தைக்கும் பரிசு கொடுத்தார்களாம். மூளை வளர்ச்சி குறைந்தவர்கள், வலிப்புக்காரர்கள், காது கேட்காதவர்கள், ஏழைப் பெண்கள் என்று பிடித்துப் பிடித்து ஆபரேசன். ஜெர்மனியில் முதலில் அறுத்தார்கள், பிறகு கொன்றார்கள். நம் நாட்டிலும் பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை நல்ல யோசனை என்று பேசியும் எழுதியும் வந்தார்களாம்.

அதில் ஒரு பெண்ணைப் பற்றி இருந்தது. குடல்வால் என்று சொல்லி அவளுக்கு ஆபரேசன் செய்தார்கள். கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை இல்லையே என்று வருடக்கணக்காக ஏங்கி, கிழவியான பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்ததாம். தெரிந்த அன்று அழுதாளாம். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். கடல் தாண்டி, எந்த ஊரென்றே தெரியாத ஒருத்தி. அவளுக்குக் குடல்வால், எனக்குக் கட்டி. பொய் சொல்கிறவர்கள் எல்லாம் ஒரே வாத்தியாரிடம் படித்தார்களா என்ன? உலகத்தில் எனக்கு ஒரு சொந்தக்காரி இருந்திருக்கிறாள், அவளோடு ஒரு வார்த்தை பேச முடியாமல் போயிற்றே என்று இருந்தது. ஆய்வேடு எழுதிய பெண் பைண்டிங்கை வாங்கிக்கொண்டு, "நல்லாப் போட்டிருக்கீங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் நான் முதலில் நிதானமாகத்தான் சொன்னேன். சின்னவளுக்கு ஒரு நோயும் இல்லை, நல்லா இருக்கிற உறுப்பை எதுக்கு அறுக்கிறே, சட்டப்படியும் தப்பு என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். "நீங்க சொல்லிட்டுப் போயிருவீக மதினி. அந்த மூணு நாளும் நான் படுற பாடு ஒங்களுக்குத் தெரியாது. கழட்டிப் போட்டுட்டு வாசலுக்கு ஓடியாந்துருறா. யாரு மிட்டாயி குடுத்தாலும் பின்னாலயே போறா. எவனாச்சும் எதுவும் பண்ணீட்டான்னா அவளுக்குச் சொல்லக்கூடத் தெரியாதே."

"அப்ப பண்றவனத்தான அறுக்கணும்? இவள ஏன் அறுக்குறே?"

"அவன எங்கன போயித் தேடுவேன்?"

அந்த மூன்று நாளும் என்னிடம் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்க எத்தன வருசத்துக்கு இருப்பீக?" என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க கூட வந்தாப் போதும். ஒங்க கையப் பிடிச்சுக்கிட்டாத்தான் அவ படுப்பா. நல்லபடியா முடிஞ்சா வீரபாண்டிக்கு அவளையே சட்டி எடுக்க வைக்கிறேன்னு வேண்டிருக்கேன். வயித்துல கட்டின்னு சொல்லிருக்கு. கொலுசும் வாங்கித் தர்றேன்னுருக்கேன். துள்ளிக்கிட்டுத் திரியிறா."

கட்டி. சட்டி. எல்லாம் தயாராக இருந்தது. அந்தப் பிள்ளை மஞ்சள் துணி கட்டி, எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி, இல்லாத கட்டிக்காக அம்மனுக்கு நன்றி சொல்லப்போகிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிடலாம் என்று இருந்தது. கொட்டினால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், காரியம் ஓசையில்லாமல் முடிந்துவிடும். "சரி, வர்றேன்" என்றேன்.

கார் காலையிலேயே வந்தது. சின்னவள் என்னைத் தூக்கிச் சீட்டில் வைத்துவிட்டு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். உத்தமபாளையம் தாண்டும் வரை கொலுசைப் பற்றித்தான் பேச்சு. மணி வைத்தது வேண்டும், நடந்தால் ஜல்ஜல் என்று கேட்க வேண்டும், குட்டியத்தைக்கும் ஒன்று வாங்க வேண்டும். முன் சீட்டில் அவளுடைய அப்பா டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். இந்தப் பிள்ளையை இன்றைக்கு முழுசாகத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு இருந்த நினைப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயதில் சின்னவர், அவசரத்தில் இருந்தார். சின்ன ஆபரேசன்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று பெற்றவர்களிடம் சொல்லிவிட்டு, வேறெதாவது கேட்கணுமா என்றார். மேஜைக்கு மேலே என் தலை தெரியவில்லை. நோயாளி உட்காரும் நாற்காலியில் ஏறி நின்றேன்.

"நான் கேக்கணும். இந்தப் பிள்ளைக்கு என்ன நோய்?"

"நீங்க யாரும்மா?"

"இதே ஆபரேசன் பண்ணுன ஆளு. பதினாறு வயசுல. எனக்கும் ஒரு நோயும் இல்ல. கட்டின்னு பொய் சொல்லி எடுத்தாக. இவகிட்டயும் அதே பொய்யத்தான் சொல்லிக் கூட்டியாந்துருக்காக. நீங்க கத்தியத் தொட்டீகன்னா நான் நேரா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போயி உக்காருவேன். பேப்பர்காரன் வருவான். குள்ளச்சி உக்காந்துருந்தா போட்டோ நல்லா விழும், பாத்துக்கங்க."

கதவுக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. டாக்டரம்மா எழுந்துகொண்டார். குடும்பப் பிரச்சினையை முடித்துவிட்டு அப்புறம் வாருங்கள், இப்போதைக்கு நான் செய்ய மாட்டேன் என்றார். மனசாட்சி உறுத்தியெல்லாம் சொல்லவில்லை. போட்டோவுக்குப் பயந்து சொன்னார். எதற்குப் பயந்தால் என்ன? சின்னவள் மட்டும் என் சேலையைப் பிடித்து இழுத்து, "ஏன் கத்துற? ஏன் கத்துற?" என்று அழுதாள்.

திரும்பும் வழியில் சின்னமனூர் வரும்போது அவளுடைய அம்மா காரை நிறுத்தச் சொன்னாள்.

"எறங்கிக்கங்க. பெத்து வளத்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும். ஒங்களுக்கு என்ன தெரியும்?"

நான் இறங்கினேன். சின்னவள் இறங்கவில்லை. அவளை அப்பா பிடித்துக்கொண்டார். கார் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்றேன். கம்பம் பஸ் வந்தது, படியில் கையை வைத்தேன், ஏற முடியவில்லை. ஆட்கள் என்னைத் தாண்டி ஏறினார்கள். பஸ் போனது. அடுத்ததும் போனது. கடைசியில் ஒரு கண்டக்டர், "ஏ பாப்பா, ஏறலையா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே வைத்தார். சீட்டில் உட்கார்ந்த பிறகு அழுதேன். பக்கத்திலிருந்த அம்மா பஸ் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்தாள்.

அதோடு பக்கத்து வீட்டுப் பேச்சு நின்றது. சின்னவளைக் கடைப் பக்கம் விடுவதில்லை. ஷட்டரை எதிர்க்கடைக்காரர் தூக்கிவிடுகிறார். மிஷினில் யாரும் கையை வைப்பதில்லை, இங்க் மிச்சம். தேவதானப்பட்டிக்காரர்கள் வைகாசியில் என் கடைக்கே வந்து, பேங்க் பாஸ் புத்தகத்தை நீட்டிக்கொண்டு, அந்த வீட்டில் சின்னவள் போக வேறு குறை ஏதும் உண்டா என்று விசாரித்தார்கள். "இருக்கு. அந்தம்மாவுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. வேற ஒண்ணும் இல்ல, தாராளமா எடுங்க" என்றேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. மேளச் சத்தம் கடை வரைக்கும் கேட்டது.

வேறு ஊரில் வேறு டாக்டர் கிடைப்பார் என்று எனக்குத் தெரியும். மதுரை இருக்கிறது, மலை மேலே கேரளா இருக்கிறது. அந்த வீட்டு வாசலில் கார் நின்றால் ஸ்டூலை விட்டு இறங்கி எட்டிப் பார்ப்பேன். போய்க் கேட்க வழியில்லை. நான் தெரிந்துகொள்ள ஒரே வழி அந்தப் பேப்பர்ப் பொட்டலம்தான். மாதா மாதம் அவள் அம்மா என்னைப் பார்க்காமல் அதைக் கையில் இறுக்கிக்கொண்டு போவாள். அப்பாடா, பிள்ளை முழுசாக இருக்கிறது என்று நான் அன்று நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

புரட்டாசியில் பொட்டலம் வரவில்லை. ஒரு வாரம் தள்ளிப் பார்த்தேன், இல்லை. வெட்டிவிட்டார்களா? என்றைக்குப் போனார்கள், நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன்? அது இல்லையென்றால் இன்னொன்று. யாரோ மிட்டாய் கொடுத்து, அந்த அம்மா பயந்தது நடந்துவிட்டதா? முதலாவது என்றால் நான் தோற்றேன். இரண்டாவது என்றால், நான்தான் காரணம் என்று ஊரே சொல்லும், நானும் சொல்லிக்கொள்வேன். சாமியெல்லாம் கும்பிட்டு நாளாயிற்று. அந்த நாட்களில் மட்டும் எந்தத் தெய்வம் என்று பேர் சொல்லாமல் கும்பிட்டேன். சோறு இறங்கவில்லை. டி.வி.யோடு சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

ஒரு சாயங்காலம் மெடிக்கல் வாசலில் சின்னவள் நின்றாள். அவள் அம்மா எதிர்ப்பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள், பிள்ளையை மட்டும் அனுப்பியிருக்கிறாள் போல. கடைக்காரர் பேப்பரில் சுற்றப் போனார். அவள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. பச்சை நிறப் பேடு பாக்கெட்டை வெறுங்கையில் வாங்கி, கையை வீசி ஆட்டிக்கொண்டு நடந்து வந்தாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது பிஸ்கட் பாக்கெட்டு மாதிரிதான். என் கடைக்கு நேரே வந்ததும் நின்றாள். நான் ஸ்டூலில் இருந்து குதிக்காத குறையாக இறங்கி வாசலுக்கு ஓடினேன்.

"ஏண்டி, நல்லா இருக்கியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுண்டு விரலை என் பக்கம் நீட்டினாள்.

"கொலுசு போச்சு. நீதான் கத்துன. போ, ஒங்கூடக் காய்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். எவ்வளவு கோபம் அந்தப் பிள்ளைக்கு! நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று வாய்விட்டு அழுதேன். பழம் விடுவாளா மாட்டாளா தெரியாது, அது அவள் இஷ்டம். எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, நானும் இப்படிக் காய் விட ஒருத்தி இருந்திருக்கலாம்.